பத்திரம் பார்க்காமல் எடுத்த படம்

எங்க போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினா கேரளா. 1933-ல அது திருவிதாங்கூர் சமஸ்தானம், நாகர்கோவிலும் அதுக்குள்ளதான். அந்த வருஷம் நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் ஒரு ஊமைப்படம் எடுத்தார்: 'மார்த்தாண்ட வர்மா'. டைரக்டர் பி.வி. ராவ். இளவரசர், சதி, தப்பி ஓட்டம், சண்டைன்னு பிரமாண்டமான ராஜா கதை.

கதை, சி.வி. ராமன் பிள்ளையின் 1891 நாவல். உரிமை கமலாலயா புக் டிப்போகிட்ட. திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டர்ல படம் வந்த கையோட வழக்கு, பறிமுதல். போட்ட பணம் போச்சு!

பேங்க்ல "டாக்குமெண்ட் எங்க சார்?"னு கேட்டே பழகினவன் நான். முதல்ல சுந்தர்ராஜ் மேலதான் கோபம் வந்தது. அப்புறம்தான் உறைச்சது. பறிமுதலான படம் பதிப்பகத்துலயே கிடந்ததாலதான், 1974-ல தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கிடைச்சது. கேரளாவின் முதல் படம், அகஸ்தீஸ்வரத்துல பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்'. அதை யாரும் பூட்டி வைக்கலை; இன்னைக்கு அது இல்லை.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறவங்க, பரண்ல இருக்கிற பழைய பெட்டிகளை எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒருதடவை திறந்து பாருங்க.