பழைய படைத்துறை ஊர்திகளின் பொறி மீட்டமைப்பு

பழைய படைத்துறை ஊர்திகளின் பொறி மீட்டமைப்பு என்பது, பணியிலிருந்து நீக்கப்பட்ட டாங்கி, சரக்குந்து, ஜீப் முதலியவற்றை மீண்டும் ஓடச்செய்யும் பொருட்டு, அவற்றுக்குரிய பொறிகளை (எஞ்சின்களை) தேடியெடுத்துப் பழுதுபார்த்துப் பொருத்தும் பணியாகும். இரண்டாம் உலகப் போர்க்கால (1939–1945) ஊர்திகளே இவ்வாறு மிகுதியாக மீட்டமைக்கப்படுகின்றன. தடித்த கவசத் தகடு பல பத்தாண்டுகள் திறந்தவெளியில் கிடந்தாலும் அழிவதில்லை. பொறியோ ஈரம் புகுந்தால் சில ஆண்டுகளிலேயே இறுகிவிடும். ஆகவே, ஓர் ஊர்தி ஓடுமா அல்லது அசையாக் காட்சிப்பொருளாக நிற்குமா என்பதைப் பெரும்பாலும் பொறியே முடிவு செய்கிறது.

பொறிகள் கிடைக்கும் வழிகள்

மீட்டமைப்பாளர்களுக்குப் பொறிகள் பின்வரும் வழிகளில் கிடைக்கின்றன:

* போருக்குப் பின் படைத்துறைகள் விற்ற உபரி இருப்பு. இவற்றுள் பயன்படுத்தப்படாமல் பெட்டியிலேயே இருந்த பொறிகளும் உண்டு.
* அதே வகையைச் சேர்ந்த மற்றோர் ஊர்தி. ஓடும் நிலைக்குக் கொண்டுவர இயலாத ஊர்தியின் பொறி வேறொன்றுக்கு மாற்றப்படும்.
* பிற்கால உறவுப் பொறிகள். சோவியத் டி-34 டாங்கியின் வி-2 டீசல் பொறி (12 உருளைகள், 38.8 லிட்டர், 500 குதிரைத்திறன்) போருக்குப் பின் டி-55 டாங்கியின் வி-55 பொறியாக வளர்ந்தது. அவ்வாறே வில்லிஸ் ஜீப்பைப் பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் உரிமம் பெற்று எம்201 என்ற பெயரில் தயாரித்ததால், அதன் உதிரிப்பாகங்கள் போர்க்கால ஜீப்புகளுக்கும் உதவுகின்றன.
* போர்க்களங்கள், ஆறுகள், சதுப்புநிலங்கள். இங்குக் கிடைப்பவை பெரும்பாலும் அரிப்புற்றிருக்கும். வெடிக்காத குண்டுகளும் வீரர்களின் உடல் எச்சங்களும் உடனிருக்கக்கூடும் என்பதால், பல நாடுகளில் தோண்டுவதற்கு அரசின் அனுமதி தேவை.

பழைய பொறியை மீளப் பயன்படுத்துவது போர்க்காலத்திலேயே நிகழ்ந்தது. பிரித்தானியாவின் குரோம்வெல் டாங்கியில் பொருத்தப்பட்ட ரோல்ஸ்-ராய்ஸ் மீட்டியோர் பொறி, மெர்லின் வானூர்திப் பொறியிலிருந்து உருவானது. விபத்துக்குள்ளான வானூர்திகளின் மெர்லின் பொறிகளிலிருந்து கழற்றிய பாகங்களும் மீட்டியோர் தயாரிப்பில் பயன்பட்டன.

ஷெர்மன் டாங்கியின் பொறிகள்

அமெரிக்காவின் எம்4 ஷெர்மன் பெருந்தொகையில் தேவைப்பட்டதால், அந்நாட்டில் அப்போது கிடைத்த வெவ்வேறு பொறிகள் அதில் பொருத்தப்பட்டன.

* எம்4, எம்4ஏ1: கான்டினென்டல் ஆர்975. ரைட் நிறுவனத்தின் வானூர்திப் பொறியிலிருந்து வந்தது. நடுத்தண்டைச் சுற்றி ஆரம்போல் அமைந்த 9 உருளைகள் கொண்டது, காற்றால் குளிர்விக்கப்படுவது.
* எம்4ஏ2: ஜெனரல் மோட்டார்ஸ் 6046. இரண்டு 6-71 டீசல் பொறிகளின் இணைப்பு.
* எம்4ஏ3: ஃபோர்டு ஜிஏஏ. 8 உருளைகள், 18 லிட்டர், 500 குதிரைத்திறன்.
* எம்4ஏ4: கிரைஸ்லர் ஏ57. ஐந்து மகிழுந்துப் பொறிகளை ஒன்றாக இணைத்து 30 உருளைகளுடன் அமைக்கப்பட்டது. இதன் நீளத்திற்கேற்ப டாங்கியின் உடற்பகுதியும் நீட்டப்பட்டது.

இவ்வேறுபாடு மீட்டமைப்பையும் பாதிக்கிறது. 6-71 வகைப் பொறிகள் பேருந்துகளிலும் படகுகளிலும் பரவலாகப் பயன்பட்டதால் அவற்றின் பாகங்களைப் பெறுவது ஒப்பளவில் எளிது. பொதுவாழ்வில் இணையில்லாத ஏ57 போன்ற பொறிகளைச் சீரமைப்பது கடினம்.

டைகர் 131

இங்கிலாந்தின் போவிங்டனிலுள்ள டாங்கி அருங்காட்சியகத்தின் டைகர் 131, பொறி மீட்டமைப்புக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். இந்தச் செருமானிய டாங்கியைப் பிரித்தானியப் படையினர் 1943 ஏப்ரலில் தூனிசியாவில் கைப்பற்றி, ஆய்வுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். 1951 இல் இது அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இதன் மூலப் பொறி 21 லிட்டர் கொள்ளளவுள்ள மேபாக் எச்எல்210 ஆகும். உள்ளமைப்பைக் காட்டுவதற்காக அது வெட்டித் திறக்கப்பட்டிருந்ததால் மீண்டும் இயக்க இயலவில்லை. 1990 இல் மீட்டமைப்புப் பணி தொடங்கியபோது, அருங்காட்சியகத்திலிருந்த டைகர் II டாங்கி ஒன்றின் மேபாக் எச்எல்230 பொறி எடுத்துப் பொருத்தப்பட்டது. இது 23 லிட்டர் கொள்ளளவு கொண்டது. 1943 இல் டைகர் தயாரிப்பிலேயே எச்எல்210 இன் இடத்தைப் பிடித்தது. ஆகவே இது டைகர் வகைக்கு உரிய பொறியே. ஆனால் இக்குறிப்பிட்ட டாங்கிக்கு உரியதன்று. ஒரு டாங்கி ஓடுவதற்காக மற்றொன்று தன் பொறியை இழந்தது.

2003 டிசம்பரில் டைகர் 131 இயங்கும் பொறியுடன் அருங்காட்சியகம் திரும்பியது. மேலும் சில பணிகள் 2012 வரை தொடர்ந்தன. 2014 இல் வெளியான ஃபியூரி திரைப்படத்தில் இது இடம்பெற்றது.

பழுதுபார்க்கும் முறை

நெடுங்காலம் நின்ற பொறியை உடனே இயக்க முயல்வது அதை உடைத்துவிடக்கூடும். முதலில் உருளைகளுக்குள் ஊடுருவும் எண்ணெய் ஊற்றப்பட்டு, பல நாட்கள் அல்லது வாரங்கள் ஊற விடப்படும். பின்னர் பொறி கையால் மெதுவாகச் சுழற்றப்படும். ஆர்975 போன்றவற்றில் கீழ்ப்புற உருளைகளில் எண்ணெய் வடிந்து தேங்கும். எண்ணெய் அழுங்காததால், அந்நிலையில் பொறியை முடுக்கினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். போர்க்காலத்திலும் வீரர்கள் இதற்காகவே பொறியைக் கையால் சுழற்றினர்.

அடுத்து பொறி முழுதும் பிரிக்கப்பட்டு, உறைபனியால் ஏற்பட்ட வெடிப்புகளும் அரிப்பும் சோதிக்கப்படும். தேய்ந்த தாங்கிகளில் வெண்ணுலோகம் புதிதாக வார்க்கப்படும். ரப்பர் குழாய்களும் அடைப்புகளும் மாற்றப்படும். எத்தனால் கலந்த தற்காலப் பெட்ரோல் பழைய ரப்பரைச் சிதைப்பதால் இம்மாற்றம் இன்றியமையாதது. இறுதியில் ஊர்திக்கு வெளியே, சோதனைத் தாங்கியில் வைத்துப் பொறி இயக்கிப் பார்க்கப்படும்.

மூலத்தன்மை பற்றிய கருத்துகள்

பொறி மீட்டமைப்பில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஓடும் ஊர்தியே வரலாற்றை முழுமையாக உணர்த்தும் என்பது ஒன்று. டைகர் 131 ஓடும்போது எழும் ஒலியையும் அதன் அசைவையும் எந்தப் படமும் தர இயலாது என்று இத்தரப்பினர் கருதுகின்றனர். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மீண்டும் கிடைக்காத பாகங்கள் தேய்கின்றன என்பது மற்றொன்று. சில உரிமையாளர்கள் தற்கால டீசல் பொறியைப் பொருத்தி, மூலப் பொறியைத் தனியே காக்கின்றனர்.

எவ்வழியாயினும், எந்தப் பொறி எந்த ஊர்தியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தொடர் எண்ணுடன் பதிவு செய்வது முதன்மையானதாகும். அப்பதிவு இல்லையெனில், இரு ஊர்திகளின் வரலாறும் ஒருங்கே குழம்பிவிடும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* டீசல் பொறி
* எம்4 ஷெர்மன்
* டி-34
* இரண்டாம் உலகப் போர்