நூலுரிமையும் நூலகத்தின் உரிமையும்

ஏட்டுச்சுவடிக் காலத்தில் நூலைக் காத்தல் என்பது அதனைப் பெயர்த்தெழுதுதலே. ஓர் ஏட்டைச் செல் அரித்தாலும் மற்றோர் ஏடு எஞ்சியிருக்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்ற முடிந்ததும், பெயரறியாத எத்தனையோ எழுத்தாணிகள் அதற்கு முன்னர் உழைத்தமையாலேயே.

அச்சு வந்தபின் நூல் விற்பனைப் பண்டமாயிற்று, பதிப்புரிமையும் பிறந்தது. எழுத்தாளனின் உழைப்பு சுரண்டப்படாதிருக்க அவ்வுரிமை வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அது தனியார் கையில் முடங்கினால் மக்கள் என் செய்வர்? பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்று, பின்னர் நாட்டின் பொதுவுடைமையாக்கியமை இவ்வினாவுக்குக் கிடைத்த ஒரு விடையாகும்.

எமது மண்ணிலோ இவ்வினா நெருப்பினூடே எழுந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. 1984இல் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி நூலகமும் தீக்கிரையாயிற்று. படியெடுத்து வேறிடத்தில் வைக்கப்படாத நூல் ஒரே இரவில் அழியும் என்பதை நாம் அன்று கற்றோம்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இப்பாடத்தை அரைகுறையாகவே ஏற்றது. இலாபம் கருதாத நூலகம், நூலைப் பேணவும் இழந்ததை ஈடுசெய்யவும், நியாயமான முறையில் வேறு படி கிடைக்காதவிடத்து, ஒரு படி எடுக்கலாம். ஒன்றே ஒன்று! அதனை இணையத்தில் யாவர்க்கும் திறந்துவிட இவ்விலக்கு இடந்தரவில்லை. அதே சட்டம், ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகளாக இருந்த உரிமைக்காலத்தை 70 ஆண்டுகளாக நீட்டியது.

இதன் பொருள் யாது? வடமராட்சி ஆசிரியர் ஒருவர் தம் செலவில் ஒரு சிறுநூலை அச்சிட்டு, 1990இல் மறைந்தார் எனக் கொள்வோம். அந்நூல் 2060 முடியும்வரை பூட்டப்பட்டிருக்கும். பிள்ளைகளோ போரினால் நாடு நாடாகச் சிதறிவிட்டனர். யாரிடம் அனுமதி கேட்பது? அந்நூலால் எவருக்கும் ஒரு சதமேனும் வருவதில்லை. அலுமாரியில் செல் மட்டுமே அதைப் படிக்கிறது.

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், உரிமையாளரிடம் அனுமதி பெற்று ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவருகிறது. போற்றத்தக்க பணி! ஆயினும், உரிமையாளரைக் கண்டறிய இயலாத நூல்களை நூலகங்கள் காக்கவும் வழங்கவும் சட்டமே வழி திறத்தல் வேண்டும். வாழும் எழுத்தாளர் அதுவரை காத்திராது, தம் நூல்களுக்கான அனுமதியை இன்றே எழுதிக் கொடுப்பாராக.

எழுதியவனுக்குக் கூலி வேண்டும். எழுதியதற்கு ஆயுள் வேண்டும். இரண்டும் பகையல்ல.