பலாலி வானூர்தி நிலையம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு அருகே உள்ள பலாலி வானூர்தி நிலையம், இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய அரச வான்படை அமைத்த படைத்தளமாகத் தோன்றியது. போர் முடிந்தபின் அது பயணிகளுக்குப் பயன்பட்டதற்கு அமைவிடமே முதற்காரணம் எனலாம். ஏனெனில் நிலப்படத்தில் கொழும்புக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ நடுவில் பலாலி அமைந்திருக்கிறது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை, டகோட்டா எனப்படும் இரட்டை எஞ்சின் வானூர்தியில், கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கிச் சென்னைக்குச் சென்றது. தேசிய வான்சேவை தொடங்கிய நாளிலேயே வழித்தடத்தில் இடம்பெற்றிருந்த இந்நிலையத்தைப் பிற்காலத்தில் உருவான ஒன்றாகக் கருதுவது பிழையாகும்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து, தலைமன்னார்க் கப்பலோடு இணைந்த, இந்தியாவுக்கான பழைய ரயில் வழி சிதைந்தபின், வான்வழித் தொடர்பின் மதிப்பு மேலும் உயர்ந்தது. ஆனால் ஏர் சிலோன் 1970களின் இறுதியில் மறைந்தது. அடுத்துவந்த உள்நாட்டுப் போரில் பலாலி மீண்டும் படைத்தளமாயிற்று. 1990இல், பலாலி அமைந்துள்ள வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். தளத்தைச் சூழ்ந்த ஊர்கள், உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில், உரியவர்கள் நுழைய முடியாத நிலமாயின. தென்னிலங்கைக்குச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை அடைபட்டிருந்த ஆண்டுகளில் குடாநாட்டாருக்கு எஞ்சியவை கடலும் வானுமே என்பதால், ஆபத்தை அறிந்தும் மக்கள் பறந்தனர். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் வானூர்தி மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். சிதைவுகள் 2012இல்தான் கடலடியில் கண்டறியப்பட்டன. வடக்கின் போர் வரலாற்றில் இவ்விழப்பு பெறும் இடம் மிகச் சிறிது. அது அவ்வாறு சுருங்கியிருக்கலாகாது.

2019 அக்டோபர் 17 அன்று இது யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைக்கு ஒழுங்கான சேவையைத் தொடங்கியது. கொரோனாப் பரவலால் 2020 மார்ச்சில் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டது; 2024இல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கி, 2025இல் திருச்சியையும் இணைத்தது. வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டக் காணிகளோ போருக்குப் பின் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பங்கு, வானூர்திகள் மீண்டும் இறங்கத் தொடங்கிய பின்னரும், உரியவர்களின் கைக்கு வந்து சேரவில்லை.