பழைய விமானத்தை வாங்கி வீடாக்க முடியுமா? புதியம்புத்தூர் கரிசலில் அது நிற்குமா?

செங்கல், மணல், கம்பி என எல்லாம் விலை ஏறிப்போச்சு. 'பேசாம ஒரு பழைய விமானத்தை வாங்கிப் போட்டுக் குடியிருக்கலாம்' என்பது கிண்டலாகத் தோன்றலாம். ஆனால் நிஜமாகவே அப்படிக் குடியிருந்தவர்கள் உண்டு.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹில்ஸ்பரோ அருகே மரங்களுக்கு நடுவே ஒரு போயிங் 727 நிற்கிறது. புரூஸ் கேம்ப்பெல் என்ற இன்ஜினியர் அதை 1999-ல் 1 லட்சம் டாலருக்கு வாங்கினார். கிரீஸின் ஒலிம்பிக் ஏர்வேஸில் பறந்த விமானம் அது. உள்ளே சுமார் 1,066 சதுர அடி இடம். கொண்டுவந்து நிறுத்தி, வீடாக மாற்றி முடித்தபோது மொத்தச் செலவு சுமார் 2.2 லட்சம் டாலர். அதாவது விமானத்தின் விலையைவிட மற்ற செலவுதான் அதிகம்.

மிசிசிப்பி மாநிலத்தின் பெனாய்ட்டில் ஜோ ஆன் அஸரியின் கதை வேறு. 1994 பனிப்புயலில் வீட்டை இழந்த அவர், 2,000 டாலருக்கு ஒரு பழைய 727-ஐ வாங்கினார். எல்லாம் சேர்த்து 30,000 டாலருக்குள் முடித்துவிட்டார். விமானி அறைதான் குளியலறை!

*இந்தியாவில் கிடைக்குமா?*

கிடைக்கும். திருவனந்தபுரத்தில் நின்ற ஏர் இந்தியாவின் ஏ320 ஒன்று 2022-ல் சுமார் 75 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனது. ஆனால் நம் நாட்டில் இப்படி வாங்குபவர்கள் பெரும்பாலும் உணவகம்தான் வைக்கிறார்கள்.

சிக்கலே ரோட்டில்தான். 2022 நவம்பரில் ஐதராபாத்துக்குக் கொண்டுபோன விமானத்தின் உடல், ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்தில் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டது. 2023 டிசம்பரில் மும்பையிலிருந்து அசாமுக்குப் போன இன்னொன்று, பீகாரின் மோத்திஹாரியில் பாலத்துக்கு அடியில் சிக்கியது. லாரி டயரில் காற்றை இறக்கித்தான் வெளியே எடுத்தார்கள். ஜோ ஆன் அஸரியின் விமானமும் பின்னாளில் இடம் மாற்றும்போது லாரியிலிருந்து விழுந்து வீணானது.

*நம்மூர் மண் தாங்குமா?*

ரெடிமேட் துணிக்குப் பேர்போன புதியம்புத்தூருக்கு வாகைக்குளம் விமான நிலையம் அதிக தூரமில்லை. அதனால் ரோட்டுப் பாடு கொஞ்சம் குறையும். அடுத்து மண் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் ஊறி உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். 727-ன் எடை, என்ஜினோடு சேர்த்து 40 டன்னுக்கு மேல். அவ்வளவும் மூக்குச் சக்கரம், இரண்டு பெரிய சக்கரக் கால்கள் என மூன்றே இடத்தில் இறங்கும். ஒரு கால் மட்டும் புதைந்தாலும் வீடே சாய்ந்துவிடும். எனவே கரிசலைத் தாண்டி, கெட்டித் தரை வரும்வரை தோண்டித் தூண் எழுப்ப வேண்டும். வீடு கட்டினாலும் இங்கே அதே செலவுதான். விமானம் என்பதால் அது மிச்சமாகாது.

கரையான் அரிக்காது என்பது நல்ல விஷயம்தான். வெயிலுக்குத்தான் வழியில்லை. சுவர் முழுக்க மெல்லிய அலுமினியம், பயணிகள் பக்க ஜன்னல் எதுவும் திறக்காது. பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறையாமல் இருக்கத்தான் அப்படி அடைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கதவைத் திறந்து வைத்தாலும் காற்று குறுக்கே ஓடாது. மேலே தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டு நிழல் தர வேண்டும், இல்லையென்றால் பகல் முழுக்க ஏசி ஓட வேண்டும்.