திறந்த வாயிற் கல்லூரிகள்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் உயர்கல்வி என்றதும் ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் என்னும் பெயர்களே நம்மவர் நாவில் முதலில் எழுகின்றன. அவற்றின் புகழை எவரும் குறைத்துக் கூற வேண்டியதில்லை. ஆயினும் அந்நாட்டிலே முதற்பட்ட நிலையிற் கற்கும் மாணாக்கருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பயில்வது உலகறியாத வேறொரு வகைக் கல்லூரியிலாகும். சமூகக் கல்லூரி என்பது அதன் பெயர். அத்தகைய கல்லூரிகள் இன்று அந்நாடெங்கும் ஏறத்தாழ 1,000 உள. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்த எவரும் போட்டியின்றி அவற்றிற் சேரலாம். இரண்டாண்டு கற்றுப் பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டு வகுப்பிற் புகலாம். அன்றேல் தாதியர் தொழில், மின்வேலை, உலோகம் ஒட்டும் வேலை, கணக்கியல் முதலியவற்றுள் ஒன்றைக் கற்று உழைப்புக்குச் செல்லலாம். பகலில் வேலை செய்து இரவில் வகுப்புக்கு வரும் தாய்மாரும், நாற்பது வயதிற் புதுத்தொழில் தேடுவோரும், குடியேறி வந்து ஆங்கிலம் பயில்வோரும் அங்கே ஒரே வாங்கில் அமர்ந்திருப்பர்.

இக்கல்லூரிகளின் பிறப்பில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லோருக்கும் கதவு திறக்க வேண்டும் என்ற எண்ணத்தால் அவை தோன்றவில்லை. சிலரை உள்ளே விடாதிருக்கும் எண்ணமே அவற்றின் வித்து. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹாப்பர் என்பவர் பத்து வயதிற் கல்லூரி புகுந்து, இருபது வயது நிரம்பு முன்னரே யேலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற மேதை. எபிரேய மொழி வல்லுநர். 1892 இல் தமது பல்கலைக்கழகத்தைத் திறந்த அவர், முதலிரண்டு ஆண்டுப் படிப்பு உண்மையிற் பள்ளிக்கூடப் படிப்பின் தொடர்ச்சியேயன்றிப் பல்கலைக்கழகப் படிப்பன்று என்று கருதினார். ஆகவே அவ்விரண்டாண்டையும் தனியே பிரித்துக் கனிட்ட கல்லூரி எனப் பெயரிட்டார். அப்பகுதியை வெளியிலுள்ள பள்ளிகளே ஏற்று நடத்துமாயின், பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கும் சிறந்த மாணாக்கருக்கும் உரியதாய் இருக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டவர் ஒரு பள்ளிக்கூட அதிபர். சிக்காகோவுக்குத் தென்மேற்கே, கல்லுடைப்பும் உருக்குத் தொழிலும் மிக்க ஜோலியெற் என்னும் நகரில் உயர்நிலைப் பள்ளியை நடத்திய ஸ்ரான்லி பிறவுண் என்பவரே அவர். தம்மூர்ப் பிள்ளைகள் பலர் படிப்பில் ஆர்வமுடையராயிருந்தும், ஊரை விட்டுச் சென்று விடுதிச் செலவு கொடுத்துக் கற்க வசதியற்றவர் என்பதை அவர் நன்கறிவார். 1901 இல் அவர் ஹாப்பரோடு கலந்து, தமது பள்ளியிலேயே மேலதிக வகுப்புக்களைத் தொடங்கினார். முதலாண்டு மாணாக்கர் தொகை ஆறு. அந்த ஆறு பேருடன் தொடங்கிய ஜோலியெற் கனிட்ட கல்லூரியே இன்று இயங்கும் அரசினர் சமூகக் கல்லூரிகளுள் மிகப் பழையது. பல்கலைக்கழகத் தலைவர் தம் வீட்டுச் சுமையை இறக்கி வைக்க இடம் தேடினார். பள்ளி அதிபரோ அச்சுமையையே தம்மூருக்குச் செல்வமாக ஏற்றுக்கொண்டார். அமெரிக்கக் கல்வி வரலாற்று நூல்கள் ஹாப்பரின் பெயரையே பெரிதும் பேசுகின்றன. பிறவுணுக்கு இன்னும் சற்று இடம் அளித்திருக்கலாம்.

மேற்குக் கரையிலும் இதே தேவை வேறு உருவில் எழுந்தது. 1907 இல் கலிபோர்னியாச் சட்டமன்றம், உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுப் படிப்பையும் நடத்த இடமளித்தது. பிறெஸ்னோ என்னும் வேளாண் நகரின் கல்வி அதிகாரி, தம் நகரைச் சுற்றி ஏறத்தாழ 200 மைலுக்குள் உயர்கல்வி நிலையம் எதுவுமில்லை என்பதைப் பெற்றோருக்கு எடுத்துக்காட்டி, 1910 இல் அங்கே கனிட்ட கல்லூரியைத் தொடக்கினார். ஊரார் காணி வரி கொடுத்து அதனை நடத்தினர். மாணாக்கர் கட்டணம் கொடுக்கவில்லை. கலிபோர்னியாவில் இந்த இலவச முறை மூன்று தலைமுறைக்கு மேல் நிலைத்தது.

ஆங்காங்கே தோன்றிய இச்சிறு கல்லூரிகளை ஒன்று கூட்டியவர் ஜோர்ஜ் சூக் என்னும் கல்வித் திணைக்கள உத்தியோகத்தர். 1920 இல் சென் லூயிஸ் நகரில் அவர் அழைத்த கூட்டத்திலே கனிட்ட கல்லூரிகளின் சங்கம் உருவாயிற்று. அக்கல்லூரிகளுக்காக அரசாங்கத்திடம் வாதாடும் ஒரு குரல் அன்றுதான் பிறந்தது எனலாம். கால் நூற்றாண்டு கழிந்தபின், அதே சூக் இன்னும் பெரியதொரு பணிக்கு அழைக்கப்பட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிவுற்ற காலம் அது. 1944 ஆம் ஆண்டின் படைவீரர் சட்டம், யுத்தத்திலிருந்து மீண்டோர் அரசாங்கச் செலவிற் கற்கலாம் என விதித்தது. அதன் கீழ்க் கல்லூரிகளுக்கு வந்தோர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர். படிப்பு இவர்களுக்கு ஏறாது என்று கல்விமான்கள் சிலர் அஞ்சினர். நடந்தது வேறு, அவ்வீரர்கள் நன்றாகவே கற்றனர். இவ்வனுபவத்தின் பின்னர், 1946 இல் சனாதிபதி ரூமன் உயர்கல்விக்கென ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். தலைவர் சூக். 1947 டிசெம்பரில் வெளிவரத் தொடங்கிய அதன் அறிக்கை, நாட்டு மக்களில் நூற்றுக்கு 49 பேராவது பதினான்கு ஆண்டுக் கல்வியைக் கற்று முடிக்கும் ஆற்றலுடையர் என்றும், அப்பதினான்கு ஆண்டுக் கல்வியும் இலவசமாதல் வேண்டும் என்றும் கூறியது. கனிட்ட கல்லூரி என்ற பழைய பெயரைக் காட்டிலும் சமூகக் கல்லூரி என்பதே பொருத்தம் என்று அப்பெயரை நாடறியச் செய்ததும் அவ்வறிக்கையே.

அதே அறிக்கை, கல்வியில் நிறபேதம் ஒழிதல் வேண்டும் என்றும் சொல்லியது. தென்மாநிலங்களைச் சேர்ந்த உறுப்பினர் நால்வர் அதற்கு உடன்படாது மறுப்பு எழுதினர். அம்மறுப்பின் விளைவைப் புளோரிடாவிற் காணலாம். அங்கே கறுப்பினத்தவருக்கெனத் தனியாகப் பன்னிரண்டு கனிட்ட கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றுட் பதினொன்று, பிரித்துவைத்தல் சட்டத்துக்கு மாறானது என 1954 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே திறக்கப்பட்டவை! வெள்ளையர் கல்லூரிகளுக்குக் கறுப்பினத்தவர் வாராதிருக்கவே அக்கட்டடங்கள் எழுந்தன. எனினும் அவற்றின் ஆசிரியர்கள் ஊரூராகச் சென்று பிள்ளைகளைச் சேர்த்து, பல்லாயிரவருக்குக் கல்வியளித்தனர். 1960களின் நடுப்பகுதியில் இன ஒருமைப்பாட்டின் பெயரால் அவை மூடப்பட்டபோது, அதிபர்களும் ஆசிரியர்களும் பதவி தாழ்ந்தனர். மாணாக்கர் பலர் புதிய கல்லூரிகளுக்குச் செல்லவேயில்லை. நீதி கிடைக்கும் வேளையிலும் அதன் விலையைச் செலுத்தியவர்கள் அவர்களே.

1960 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுகமுடையது. அவ்வாண்டு ஏப்ரிலிற் கலிபோர்னியா தனது புகழ்பெற்ற உயர்கல்வித் திட்டத்தைச் சட்டமாக்கியது. பல்கலைக்கழகத் தலைவர் கிளாக் கேர் முன்னின்று வகுத்த அத்திட்டத்தின்படி, பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதியுடையர். ஏனையோர் யாவருக்கும் கனிட்ட கல்லூரி. அங்கே நன்கு கற்றவர் பின்னர் மேலே செல்லலாம். எவரையும் வெளியே நிறுத்தாத திட்டம் என்று உலகம் அதனைப் பாராட்டியது.

அதே ஆண்டிற் பேட்டன் கிளாக் என்னும் சமூகவியலாளர் சன் ஹொசே நகரின் கனிட்ட கல்லூரியொன்றை ஆராய்ந்து எழுதிய நூல், இத்திறந்த வாயிலின் உட்புறத்தைக் காட்டியது. அவர் கண்டது யாது? பொறியியலாளன் ஆவேன் என்று ஓர் இளைஞன் வருகிறான். எவரும் அவனைத் தடுப்பதில்லை. நுழைவின்போது ஒரு சோதனை, புள்ளி குறைவு. ஆலோசகர் அன்புடன் பேசுகிறார். அடிப்படை வகுப்புக்கு அனுப்புகிறார். அடுத்த தவணையில் மறுபடியும் ஓர் உரையாடல். வேறொரு தொழிலின் சிறப்பு எடுத்துரைக்கப்படுகின்றது. முடிவில், தன் கனவைத் தானே விரும்பிக் கைவிட்டதாக அவன் எண்ணிக்கொள்கிறான். இதற்குக் கிளாக் இட்ட பெயர் ‘ஆறச்செய்தல்’. சூதாட்டக்காரர் கூட்டம் ஒருவனை ஏமாற்றிப் பணம் பறித்தபின், அவன் பொலிசுக்குப் போகாதவாறு ஆறுதல் கூறித் தேற்றத் தங்களுள் ஒருவனை விட்டுச் செல்வதுண்டாம். அவர்தம் குழூஉக்குறியையே சமூகவியலார் எடுத்தாண்டனர். கல்லூரி ஆலோசகருக்குச் சூதரின் தோழனை உவமை காட்டியது கடுமைதான். ஆயினும் அக்கடுமை பொய்யன்று. கதவைத் திறந்து வைப்பதால் மட்டும் ஒருவன் மறுபக்கத்தால் வெளிவந்துவிடுவான் என்று கொள்ளல் தகாது என்பதை அந்நாட்டார் ஏற்க மேலும் நாற்பதாண்டுகள் சென்றன.

அந்நாற்பதாண்டுகளின் முற்பகுதி வளர்ச்சிக் காலம். 1960களில் மாத்திரம் 457 அரசினர் சமூகக் கல்லூரிகள் புதிதாய்த் திறந்தன. ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று! 1968 இல் நவஹோ மக்கள் அரிசோனாவிலே தம் கல்லூரியைத் தாமே அமைத்தனர். அமெரிக்கப் பழங்குடியினர் தம் நிலத்தில் தாமே நடத்திய முதற் கல்லூரி அது. 1972 இல் நடுவண் அரசாங்கம் கல்வி உதவியை வறிய மாணாக்கர் கையிலேயே கொடுக்கும் முறையை ஏற்படுத்தியது; செனற்றர் பெல்லின் பெயர் பெற்ற நன்கொடை அதுவே.

பின்னர்ப் பணமுடை வந்தது. 1978 இற் கலிபோர்னிய வாக்காளர் காணி வரியை ஆதன மதிப்பில் நூற்றுக்கு ஒன்றாகக் கட்டுப்படுத்தினர். ஊர் வரியில் வாழ்ந்த கல்லூரிகள் மாநில அரசாங்கத்தின் வாயிலிற் காத்திருக்க நேர்ந்தது. 1984 இல் முதன்முறையாக மாணாக்கரிடம் தவணைக்கு 50 டொலர் வரை அறவிட்டனர். தொகை சிறிது. எனினும் அதுவரை இலவசமாயிருந்த ஒன்றுக்கு விலை குறித்த அந்நாளுக்குப் பின் விலை ஏறியதேயன்றி நீங்கவில்லை. கல்லூரித் தலைவர்களின் வேலையும் மாறியது. வகுப்பறையைப் பார்ப்பதிலும் சட்டமன்றத்தைப் பார்ப்பதில் அவர்களுக்குக் கூடுதலான நேரம் செலவாயிற்று.

2004 இற் சில கல்லூரிகள் கூடித் தம் ஏடுகளைத் தாமே புரட்டத் துணிந்தன. ‘கனவை எய்தல்’ என்பது அம்முயற்சியின் பெயர். அதுவரை எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதே கணக்கு. ஏனெனில் பணம் அந்தத் தலைக்கணக்கின்படியே வந்தது. இப்போது எத்தனை பேர் முடித்தனர், எவ்வகுப்பில் வீழ்ந்தனர் என்று பார்த்தனர். கண்டது கசப்பானது. பலர் வீழ்ந்த இடம் கணிதம். சோதனையில் புள்ளி குறைந்தோரை அனுப்பிய அடிப்படைக் கணித வகுப்புக்களின் தொடரைப் பாதிப் பேர்கூட முடிக்கவில்லை. தொடரின் வகுப்பொன்றிற் சித்தியடைந்தும் அடுத்ததிற் சேராமல் நின்றவர் பலர். அவ்வகுப்புக்களுக்குக் கட்டணம் உண்டு, பட்டத்துக்குப் புள்ளி இல்லை. உதவிக்கென வைத்த ஏணியே தடையாய் நின்றது. 2013 இற் புளோரிடாவும் 2017 இற் கலிபோர்னியாவும் சட்டம் இயற்றி, மாணாக்கரை நேரே கல்லூரி வகுப்பில் அமர்த்த வழிசெய்தன.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் வேறு வழியைத் தேர்ந்தது. மாணாக்கர் முழுநேரம் கற்றல் வேண்டும். பதிலுக்குக் கல்லூரி அவருக்கு உதவிப்பணம் போக எஞ்சிய கட்டணம், பாடநூல், சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் உரிய பயணச்சீட்டு என்பவற்றைக் கொடுக்கும். தம் பெயரறிந்த ஓர் ஆலோசகர் அவரை அடிக்கடி சந்திப்பார். 896 மாணாக்கரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தனர். மூன்றாண்டு முடிவில் இவ்வுதவி பெற்றோரில் நூற்றுக்கு 40 பேரும், பெறாதோரில் 22 பேரும் படிப்பை முடித்தனர். ஒருவருக்கான செலவு நூற்றுக்கு 60 இற்கு மேல் அதிகரித்தது உண்மை. ஆனால் முடித்தவர் தொகையால் வகுத்துப் பார்க்கையில், ஒரு பட்டத்துக்கான செலவு நூற்றுக்கு 11 அளவிற் குறைந்தே இருந்தது. ஒகையோ மாநிலத்து மூன்று கல்லூரிகளிலும் இம்முறை ஏறத்தாழ இதே பயனைத் தந்தது. பேருந்துச் சீட்டு ஒன்று பட்டத்தைத் தீர்மானிக்கும் என்பது கல்வித் தத்துவ நூல்களில் இல்லாத செய்தி. நடந்தே பள்ளிக்கு வரும் பிள்ளைகளைக் கண்ட ஆசிரியருக்கோ அது புதிதன்று.

கட்டணத்தை ஒழிக்கும் பழைய கோரிக்கையும் உயிர்த்தெழுந்தது. ரெனசி மாநிலத்தின் அன்றைய ஆளுநர் பில் ஹஸ்லம் குடியரசுக் கட்சியினர். 2014 இல் அதிர்ஷ்டலாபச் சீட்டு நிதியைக் கொண்டு, பள்ளி முடிப்போருக்குச் சமூகக் கல்லூரிக் கட்டணத்தை நீக்கினார். தவணைதோறும் எட்டு மணி நேரச் சமூகத்தொண்டு செய்தல் வேண்டும் என்பது நிபந்தனை. 2015 சனவரியில் சனாதிபதி ஒபாமா அம்மாநிலத்துக்கே சென்று, நாடெங்கும் இரண்டாண்டு இலவசக் கல்வி என்ற பிரேரணையை அறிவித்தார். காங்கிரஸ் அதனை நிறைவேற்றவில்லை. 2021 இற் சனாதிபதி பைடன் மீண்டும் அதனை முன்வைத்தார்.

ஆண்டுதோறும் மாசியில் சமூகக் கல்லூரித் தலைவர்களும் நிருவாக சபையினரும் வாஷிங்ரனில் ஒன்று கூடிச் சட்டமன்றத்தாரைக் கண்டு வாதாடுவது வழக்கம். 2022 இன் கூட்டத்தில் அவர்கள்முன் பேசியவர் சனாதிபதியின் மனைவி ஜில் பைடன். அவரே வடக்கு வேர்ஜீனியாச் சமூகக் கல்லூரியொன்றிற் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியை. இலவசச் சமூகக் கல்லூரி என்ற பகுதி மசோதாவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தியை அக்கூட்டத்துக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையதாயிற்று. தம் ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை. வந்திருந்தோர் மறுநாட்களில் வழக்கம்போலச் சட்டமன்ற அலுவலகங்களுக்குச் சென்று, தம் கோரிக்கைகளை மீண்டும் தொடக்கத்திலிருந்து எடுத்துரைத்தனர். நடுவண் அரசாங்கம் விட்ட இடத்தை மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு வருகின்றன. மசச்சூசெற்ஸ் மாநிலம் 2023 இல் இருபத்தைந்து வயதைக் கடந்தோருக்கும், 2024 இல் வயது வேறுபாடின்றி முதற்பட்டம் பெறாத தன் குடிகள் யாவருக்கும் சமூகக் கல்லூரிக் கட்டணத்தை நீக்கியது.