ஒரு சொட்டு ரத்தமும் 4 என்கிற எண்ணும்

பி.காம். படிக்கிறவனுக்கும் படகோட்டிகளின் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். காஸ்டிங்கில் பிரேக் ஈவன் பாயின்ட் படித்திருப்பீர்கள்தானே? துடுப்புப் போடுகிறவர் உடம்பிலும் அப்படி ஒன்று உண்டு. தசைகள் லாக்டேட்டை உண்டாக்குகின்றன, உடம்பே அதைச் செலவழிக்கவும் செய்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை வெகுநேரம் துடுப்புப் போடலாம். உற்பத்தி மிஞ்சினால் ரத்தத்தில் லாக்டேட் ஏறிக்கொண்டே போகும், ஆள் சீக்கிரம் ஓய்ந்துவிடுவார். அந்த எல்லையைத் தேடிய கதைதான் இது.

ஆரம்பத்தில் மூச்சுக்காற்றை அளந்தார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகில் தங்கம் வென்ற யேல் பல்கலைக்கழக அணியை வைத்து ஹென்டர்சன், ஹாகார்ட் என்ற இருவர் 1925இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனித உடம்பு அதிகபட்சம் எவ்வளவு சக்தி தரும் என்பதுதான் அவர்கள் கேள்வி. எந்த வேகத்தைத் தாண்டினால் தாங்காது என்பது வேறு கேள்வி.

அதற்கு 1976இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மாடரும் அவருடைய குழுவினரும் ஒரு பதில் சொன்னார்கள்: ரத்தத்தில் லிட்டருக்கு 4 மில்லிமோல் லாக்டேட். சோதனை ரொம்ப எளிது. சில நிமிடம் ஒரே வேகத்தில் துடுப்பு, நிறுத்தி காது மடலில் சின்னக் குத்து, ஒரு சொட்டு ரத்தம். பிறகு கொஞ்சம் வேகம் கூட்டி மறுபடியும். கோடு போட்டுப் பார்த்தால் 4ஐத் தொடும் வேகம் தெரிந்துவிடும். படகுத்துறையிலேயே செய்யலாம். (காற்று எதிரே அடித்தால் கணக்கு கெட்டுப்போகும், அது வேறு விஷயம். 1981இல் அமெரிக்காவின் ட்ரைசிகேக்கர் சகோதரர்கள் கொண்டுவந்த கான்செப்ட்2 துடுப்பு இயந்திரம் அந்தத் தொல்லையைத் தீர்த்தது.)

ஆனால் எல்லோருக்கும் ஒரே 4 சரியா? நம்ம ஊர் பாஸ் மார்க் மாதிரி, வசதிக்காக வந்த எண் அப்படியே ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1981இலேயே ஸ்டெக்மானும் கிண்டர்மானும் ஆளுக்கு ஆள் எல்லை மாறும் என்று சொல்லி, தனித்தனியாகக் கணக்கிட ஒரு முறையும் கொடுத்தார்கள். 1995இல் பெனெக்கே துடுப்பு வீரர்களை ஒரே பளுவில் நீண்ட நேரம் உழைக்கவைத்து, லாக்டேட் ஏறாமல் நிற்கும் உச்ச அளவைத் தேடினார். சராசரியாக 3 அளவில்தான் இருந்தது! தனித்தனியாகக் கணக்கிடும் முறைகூடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டியது. அடுத்த வருடம் வெளிவந்த ஒப்பீட்டில் சைக்கிள் வீரர்களுக்கு 5க்கு மேல். துடுப்பில் கால், முதுகு, கை என்று அதிகத் தசைகள் சேர்ந்து உழைப்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர் விளக்கம்.

அதாவது 4ஐ நம்பி தினமும் பயிற்சி செய்த துடுப்பு வீரர் பலர், தாங்கும் வேகம் என்று நினைத்துத் தாங்காத வேகத்தில் போயிருப்பார்கள். அதுவும் எட்டுப் பேர் படகில் எல்லோரும் ஒரே தாளத்தில்தான் துடுப்புப் போட்டாக வேண்டும். முன்னால் இருப்பவருக்கு அது சாயங்கால உலாவல், அவருக்குப் பின்னால் இருப்பவருக்கு நுரை தள்ளிக்கொண்டிருக்கும்.