தண்டுவட மரப்பு நோயில் வாழ்க்கைத் தரத்தை அளத்தல்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் இந்நோயில், மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பே சிதைக்கிறது. இயலாமையைக் கணிக்க, அமெரிக்க நரம்பியலாளர் ஜோன் கர்ட்ஸ்கே 1983இல் வெளியிட்ட 0 முதல் 10 வரையான அளவுகோலே இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது. அதன் நடுப்பகுதி நடையையே சார்ந்தது: 100 மீற்றர் நடக்க ஓர் ஊன்றுகோல் வேண்டுமானால் 6, 20 மீற்றர் நடக்கவே இருபுறமும் ஊன்றவேண்டுமானால் 6.5. களைப்பும் வலியும் மனச்சோர்வும் இந்த எண்ணில் சரிவரத் தெரிவதில்லை. எனவே நோயாளியிடமே கேட்கும் வினாக்கொத்துகள் எழுந்தன. 1995இல் வந்த 54 வினாக் கொத்து, பொது நலம் பற்றிய 36 வினாக்களுடன் இந்நோய்க்கே உரிய 18ஐச் சேர்த்தது. இயலாமை ஏறும்போது உடல்சார் மதிப்பெண் தெளிவாக இறங்கும். மனநல மதிப்பெண் அவ்வளவு நேராக இறங்காது.

எண்ணுக்கும் நோயாளியின் வாழ்வுக்கும் உள்ள இந்த இடைவெளி, யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த எழுவைதீவில் இன்னும் பெரிது. பாலம் இல்லை, படகில் ஊர்காவற்றுறை வந்து, பின் தரைவழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையவேண்டும். சமதரையில் 100 மீற்றர் நடப்பவருக்கும் ஆடும் படகில் கால்வைத்து ஏறுவது இயலாமற் போகலாம். கர்ட்ஸ்கேயின் எண் அதைச் சொல்லாது. தீவகத்தில் கேட்கும் வினாக்களில் படகேற்றமும், துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலியும் இடம்பெற்றே ஆகவேண்டும்.